டிரெய்லரைப் பார்த்தவர்களும் தொடரைப் பார்த்தவர்களும்

2021 மே 19ஆம் திகதி 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பாகத்துக்கு டிரெய்லர் வந்தது. சில நிமிடங்கள்தான். ஈழப் போராளி வேடத்தில் சமந்தா. கிளர்ச்சியாளர்களோடு பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ. கைகோர்க்கப்போவதாக ஒரு சாடை. தமிழ்நாட்டுக்கு அது போதுமாக இருந்தது. ஈழத் தமிழரைப் பயங்கரவாதிகளாகவும் ஐ.எஸ்.ஐ.யின் கையாட்களாகவும் காட்டுகிறார்கள் என்று அரசியல் தலைவர் வைகோ மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். இன்னொரு தலைவரான சீமான் எச்சரித்தார். பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத தி.மு.க. அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், மே 24ஆம் திகதி தொடரை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். அந்தப் பாகத்தின் ஒரு எபிசோட்டைக்கூட அப்போது ஊரில் எவரும் பார்த்திருக்கவில்லை.

ஜூன் 4ஆம் திகதி ஒன்பது எபிசோட்டும் ஒரேயடியாக அமேசன் பிரைமில் வந்திறங்கின. அந்த நேரம் தமிழ்நாட்டில் ஊரடங்கு. இலங்கையிலும் மே 21 முதல் ஜூன் 21 வரை பயணக் கட்டுப்பாடு. வேலணைத் தீவில் இருந்தவர்கள் பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் போகக்கூட ஒரு காரணம் காட்டவேண்டியிருந்த நாள்கள். வீட்டுக்குள் அடைபட்டவர்களின் கையில் போன் இருந்தது. தொடரும் தப்பவில்லை, அதைப் பற்றிய பேச்சும் தப்பவில்லை.

கதை இதுதான். இந்தியப் பிரதமர் பாசுவுக்கும் இலங்கை ஜனாதிபதி ரூபதுங்கவுக்கும் இடையே ஒரு பேரம்: சீனத் துறைமுகத்தைத் தடுக்கவேண்டுமானால் சென்னையில் ஒளிந்திருக்கும் தமிழ்த் தலைவர் ஒருவரை ஒப்படைக்கவேண்டும். அந்தத் தலைவர் குண்டுவெடிப்பில் இறந்துபோகிறார். இலண்டனில் இருக்கும் அவருடைய அண்ணன் பாஸ்கரன் (மைம் கோபி) பழிவாங்கக் கிளம்புகிறார். அந்தத் திட்டத்தை நிறைவேற்றுபவள்தான் சென்னை ஆலையொன்றில் வாய் திறக்காமல் வேலைசெய்யும் ராஜி (சமந்தா). அவளைத் துரத்துபவர் மனோஜ் பாஜ்பாய் நடித்த உளவு அதிகாரி ஸ்ரீகாந்த்.

பார்த்தவர்கள் அதிகம் பேசியது ஆறாவது எபிசோட்டைப் பற்றி. பிடிபட்ட ராஜி ஒரு சிறிய காவல் நிலையத்தில் இருக்கிறாள். அவளை மீட்கச் சகாக்கள் வந்து நிலையத்தைச் சூழ்கிறார்கள். கமரா வெட்டே இல்லாமல் ஓடுவதுபோல அறைக்கு அறை, வாசலுக்கு வாசல் போகிறது. ஜன்னல் உடைகிறது, மேசைக்குப் பின்னால் ஒரு கொன்ஸ்டபிள் பதுங்குகிறார், முற்றத்தில் ஒருவர் விழுகிறார். ஸ்ரீகாந்தின் இளம் சகா மிலிந்தும் காயம்பட்டுச் சாகிறான். ஹிந்தித் தொடரொன்றில் இப்படியொரு நீண்ட சண்டைக் காட்சியா என்று பலர் வியந்தார்கள். அதே காட்சியில் வேறொன்றும் நடக்கிறது: சுடுபவர், சுடப்படுபவர் இருவரையும் பார்வையாளர் முன்பே நெருங்கி அறிந்துவிட்டார். யார் தப்பவேண்டும் என்று ஒரே பதிலைச் சொல்ல முடியாது. டிரெய்லர் இந்தத் தடுமாற்றத்தைக் காட்டவேயில்லை. காட்டியிருந்தால் கடிதங்கள் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கலாம், எழுதப்படாமலும் போயிருக்கலாம்.

தமிழ்நாட்டுப் பார்வையாளர்களின் பேச்சு எதிர்பாராத பக்கம் திரும்பியது. எதிர்ப்புக் குரல் நிற்கவில்லை. தொடர் வந்த பிறகும் இயக்குநர் பாரதிராஜா அதை நிறுத்தச் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வீடு பிரபலமானவர் 'செல்லம் சார்'. உதய் மகேஷ் நடித்த ஓய்வுபெற்ற உளவு அதிகாரி. சில நிமிடங்களே வருவார், கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார், உடனே மறைந்துவிடுவார். பொலிஸ் திணைக்களங்கள்கூட அவரை வைத்து விழிப்புணர்வு மீம் போட்டன. வடக்கிலிருந்து வரும் அதிகாரிக்கு, தெற்கு முழுக்க ஒரே ஊர் அல்ல என்று தமிழ் அதிகாரிகள் பாடம் எடுக்கும் இடங்களும் பிடித்துப்போயின. தேவதர்ஷினியின் உமையாள், ரவீந்திர விஜயின் முத்து என்று தமிழ் நடிகர்கள் தமிழிலேயே பேசியதும் ஹிந்தித் தொடருக்குப் புதிது.

தீவுப்பகுதியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் குதூகலம் எட்டாது. வேலணையில் சாட்டிக் கடற்கரைப் பக்கம் போனால் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த இடம் உண்டு. ஒவ்வொரு நவம்பர் 27ஆம் திகதியும் அங்கே விளக்கேற்ற வருபவர்கள், போராளி என்றதும் நினைப்பது ஒரு கதாபாத்திரத்தை அல்ல. மகனை, மகளை, பக்கத்து வீட்டுப் பெடியனை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை இந்தக் கடலோரம் மறக்கவில்லை. 1990இல் இராணுவம் வந்தபோது தீவுகளை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பூட்டிய வீடுகள் இன்றும் உண்டு. இத்தனையையும் ராஜியின் கடந்தகாலத்தைச் சொல்லும் சில வசனங்களுக்குள் அடக்கிவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் இந்தியப் பிரதமரைக் காப்பாற்ற ஓடுகிறது தொடர். வைகோவின் கோபத்தைவிடச் சொல்லச் சிரமமான குறை இது. ராஜியைக் கெட்டவளாகக் காட்டியது அல்ல இங்கே உறுத்துவது. அவளுடைய ஊரே இன்னொருவரின் துப்பறியும் கதைக்குப் பின்திரை ஆகிவிட்டது.

அவள் கதைக்கும் விதமும் காதில் இடறும். சமந்தா உழைத்திருக்கிறார், ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சின் இழுவையும் சுருக்கமும் ஒரு வசனத்தில் வந்து அடுத்ததில் காணாமல் போகின்றன. வங்களாவடிச் சந்தியில் ஒருத்தி அப்படிக் கதைத்தால், "பிள்ளை, இந்தியாவில கனகாலம் இருந்தனீங்களோ?" என்றுதான் கேட்பார்கள். கதையில் அவள் சென்னையில் வாழ்பவள் என்பதால் மன்னித்துவிடலாம். முகத்துக்குப் பூசிய கறுப்பை மன்னிப்பது கஷ்டம். ஈழத்துப் பெண் என்றால் இந்த நிறம்தான் என்று யார் முடிவுசெய்தது? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுப் பார்வையாளர் பலரும் கேட்டார்கள்.

சமந்தாவே பின்னர் எழுதியது கவனிக்கவேண்டியது. பாத்திரத்துக்குத் தயாராக ஈழப் பெண்களைப் பற்றிய ஆவணப்படங்களை இயக்குநர்கள் ராஜும் டிகேயும் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்து அதிர்ந்த அவர், சில ஆயிரம் பேரே அவற்றைப் பார்த்திருப்பதையும் கவனித்திருக்கிறார். பெரிய தொடருக்குக் கிடைத்த கோபம்கூட அந்தச் சிறிய படங்களுக்குக் கிடைக்கவில்லை.

2013இல் ஈழப் போரைப் பற்றிய ஹிந்திப் படம் 'மெட்ராஸ் கஃபே' வந்தபோது எதிர்ப்பாளர்களின் வேலை சுலபமாக இருந்தது. தணிக்கைச் சான்றிதழ் இருந்தும் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அந்தப் படத்தைத் திரையிடவில்லை. முற்றுகையிடத் திரையரங்கு என்று ஒரு கட்டடம் இருந்தது. இணையத் தொடருக்குத் தணிக்கையும் இல்லை, மறிக்க வாசலும் இல்லை. 2021 பெப்ரவரியில் இந்தியா கொண்டுவந்த டிஜிட்டல் ஊடக விதிகள்கூட வயது வகைப்படுத்தலையும் முறைப்பாட்டு வழியையும் கேட்டனவே தவிர, முன்தணிக்கையைக் கேட்கவில்லை. பிரித்தானியாவிலும் இதே கதைதான். 2020இல் அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடரின் நான்காம் பாகம் வந்தபோது, இது கற்பனை என்று முன்னால் ஒரு அறிவிப்புப் போடும்படி கலாசார அமைச்சர் ஒலிவர் டவுடன் நெட்ஃபிளிக்ஸிடம் கேட்டார். நெட்ஃபிளிக்ஸ் மறுத்துவிட்டது.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது தமிழ்நாட்டு வியாதி என்று யாழ்ப்பாணம் சிரிக்கவும் முடியாது. ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2017இல் கான் விழாவில் காட்டப்பட்டது. தமிழ் ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்ற காலத்தைத் தமிழர் ஒருவரே பேசிய ஆவணப்படம். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவின் பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் எடுக்கப்பட்டது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்காவது உள்ளூர்ப் பார்வையாளருக்கு அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம்.

அரசியல் தொடருக்குக் கதை தேடுபவர்கள் வேலணைத் தீவுக்கே வரலாம். 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி இங்கே அராலித்துறையில் மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் பிரிகேடியர் விஜய விமலரத்னவும் கொமடோர் மொஹான் ஜயமஹவும் ஒரே வெடிப்பில் பலியானார்கள். புலிகளின் கண்ணிவெடி என்றது அரசு. ஜனாதிபதி பிரேமதாசவின் பக்கம் விரல் நீட்டியது தென்னிலங்கை. பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றும் அதை விசாரித்தது. ஒரு வெடிப்புக்கு இத்தனை கதைகள் என்றால், கோபப்படுவதற்கும் கொழும்பு, சென்னை, யாழ்ப்பாணம் என்று மூன்று கூட்டம் தயார். இதைத் தொடராக எடுக்கத் துணிபவர் டிரெய்லரை வெளியிடாமல் நேரே முதல் எபிசோட்டை விடுவது நல்லது.