அடக்கமானவன் என்று யார் சொல்வது?

"அடக்கமான பையன்", "சொன்ன சொல் தட்டாதவன்", "மட்டு மரியாதை தெரிஞ்சவன்." கோவில்பட்டி, கயத்தாறு, விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் ஊர்களில் ஒருவரைப் பாராட்டும்போது இந்தச் சொற்கள்தான் முதலில் வாயில் வரும். கேட்க இனிமையானவைதான். ஆனால் தெரு மாறினால் இவற்றின் பொருளும் மாறிவிடுகிறது.

ஊர்த் தெருப் பையனை அடக்கமானவன் என்றால், பெரியவர்களிடம் பணிவாகப் பேசுபவன், வம்புக்குப் போகாதவன் என்று பொருள். காலனிப் பையனை அப்படிச் சொன்னால், கூப்பிட்ட நேரத்துக்குக் காட்டு வேலைக்கு வருபவன், கூலி குறைந்தாலும் வாய் திறக்காதவன், தன் அப்பாவின் வயதுள்ளவரை ஒரு சிறுவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காதவன் என்று பொருள். இதில் ஒன்று தவறினாலும் அடுத்த சொல் தயாராக இருக்கிறது: திமிர். படித்து வேலைக்குப் போய், நல்ல சட்டை போட்டு, சொந்த பைக்கில் ஊருக்குள் வருகிற தலித் இளைஞர் யாரையும் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டியதில்லை. வந்ததே போதும்.

இந்த அகராதி ஒரு காலத்தில் வெளிப்படையாகவே இருந்தது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் நீண்டது. 1931 ஜூனில் மேலும் பதினொரு தடைகள் சேர்ந்தன. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச்.ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். அன்றைக்கு இவற்றுக்குக் கட்டுப்பட்டவன் நல்லவன், மீறியவன் திமிர் பிடித்தவன்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நாம் ஆறுதல் கொள்ள முடியவில்லை. 2020 அக்டோபரில் நம் மாவட்டத்தில், கயத்தாறு அருகே ஓலைக்குளத்தில், ஆடு மேய்ந்தது தொடர்பான தகராறில் வயதான தலித் ஒருவர் காலில் விழ வைக்கப்பட்ட காட்சி கைப்பேசிகளில் பரவியது. ஏழு பேர் கைதானார்கள். காலில் விழுவது நம் பண்பாட்டில் பணிவின் அடையாளம். அதைப் பலவந்தமாக வாங்கும்போது அது தண்டனை.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அவர் சொன்ன காரணம் ஊர்க் கட்டுப்பாடு. பள்ளிக்கூடத்தில் நல்லொழுக்கத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே 'கட்டுப்பாடு' என்ற சொல், அந்தக் கடை வாசலில் விலக்கி வைப்பதற்குப் பெயரானது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்கள் தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்ன தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். நடந்ததை ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்வதை எந்தப் பள்ளியும் நன்னடத்தை என்றே சொல்லும். வெட்டியவர்கள் கண்ணுக்கு அது அடங்க மறுத்த குற்றமாகத் தெரிந்திருக்கிறது.

சட்டம் இந்த அகராதியைத் திருப்பி எழுதியிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமை தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பட்டியல் சாதியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ, புத்தாடை உடுத்துவதையோ, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, திருமண ஊர்வலம் போவதையோ தடுப்பது குற்றம். கட்டாயப்படுத்தி மீசையை மழிப்பது குற்றம். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். 1930இன் தடைப் பட்டியலையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் செருப்பு இருக்கிறது. அன்று திமிர் என்று தண்டிக்கப்பட்டது, இன்று சட்டம் காக்கும் உரிமை.

பணிவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திருக்குறளில் அடக்கமுடைமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே பணிவு எல்லோருக்கும் பொதுவான நன்மை. அதிலும் செல்வம் படைத்தவர்களுக்குத்தான் அது கூடுதல் சிறப்பு. நம் ஊர்களில் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. நிலமும் செல்வாக்கும் உள்ளவரிடம் யாரும் அடக்கத்தை எதிர்பார்ப்பதில்லை. அன்றாடக் கூலிக்குப் போகிறவரிடம்தான் அதை அளந்து பார்க்கிறார்கள்.

எனவே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மாற்றுச் சான்றிதழில் நடத்தை 'நன்று' என்று எழுதும் கை, கேள்வி கேட்ட பிள்ளைக்கும் அதையே எழுதட்டும். "நமக்கெதுக்கு வம்பு, அடங்கி இரு" என்று பிள்ளையை அனுப்பும் தாயின் பயம் நமக்குப் புரியாததல்ல. அந்தப் பயத்துக்குக் காரணமானவர்களிடம் பேசுவது ஊர்ப் பெரியவர்களின் வேலை. வயதில் மூத்தவர் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் 'வாங்க' என்று கூப்பிடச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மரியாதை தெரிந்த பிள்ளை என்ற பெயரை அப்போது எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அளவுகோலில் வாங்குவார்கள்.