தராசுக்குத் தெரியாத மயில்

பால் மரம் சீவப் போகையில் கோப்பி கொண்டுபோன எனாமல் மங்கு பலருக்கு நினைவிருக்கும். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கிப் படியவைத்ததே எனாமல். அதே வேலையைத் தங்கத்தின்மேல் செய்தால் அது அரிய நகை!

இங்கிலாந்தில் விக்டோரியா அரசியாரின் எனாமல் ஓவியர் வில்லியம் எசெக்ஸ் (1784–1869). சின்னஞ்சிறு தகட்டில் நாயின் முகத்தை உயிர்த்துடிப்போடு தீட்டினார். அத்தகைய படங்களைக் கழுத்துப்பட்டை ஊசியில் பதித்து ஆண்கள் அணிந்தனர்.

இந்தியாவின் ஜெய்ப்பூரில் இதற்கு 'மீனாகாரி' என்று பெயர். மயிலும் கிளியும் யானையும் வண்ணத்தில் மின்னும். அதிகச் சூடு தாங்கும் வெள்ளையை முதலில் சுடுவார்கள், சிவப்பு கடைசியில். சூடு மிஞ்சினால் உழைப்பெல்லாம் பாழ்.

ஆனால் ஈப்போவானாலும் சுங்கை சிப்புட்டானாலும், தராசுக்குத் தெரிவது தங்கத்தின் எடை மட்டுமே. உருக்கினால் மயில் போயே போய்விடும்.

ஆகவே, பாட்டி விட்டுச்சென்ற பழைய நகையை விற்குமுன் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். மீனாகாரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வண்ணப் படம் கண்டால், பழம்பொருள் அறிந்தவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். பணமுடை என்றால் அடகு வைக்கலாம், தவணைக்குள் மீட்டுவிடலாம். உருக்கிய நகையை யாரால் மீட்க முடியும்?