எண்ணெய் குடிக்கும் எஞ்சின்: நோய் எங்கே, மருந்து எது?

தோட்டத்தில் கார் வைத்திருப்பவர் துரையும் பெரிய கிராணியும் மட்டுமே என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று கூலாய் வட்டாரத்தில் லயத்து வீடுகளின் முன்னாலும் தாமான் வீடுகளின் முன்னாலும் ஒரு சாகாவோ, இஸ்வாராவோ, வீராவோ, கஞ்சிலோ நிற்கிறது. செனாய் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, நள்ளிரவில் பிரசவ வலி என்றால் கூலாய் மருத்துவமனைக்கோ ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்கோ விரைவது, எல்லாமே அந்தக் காரை நம்பித்தான்.

நம்மவர் வாங்கும் கார் பெரும்பாலும் பலர் ஓட்டிக் கைமாறி வந்த பழைய கார். அத்தகைய கார்களுக்கு வரும் நோய்களில் நம்மை அதிகம் மிரட்டுவது, எஞ்சின் எண்ணெய் குறைந்துகொண்டே போவது. மினியாக் ஹீத்தாம் என்று நாம் சொல்லும் எண்ணெயைத்தான் இங்கே குறிப்பிடுகிறேன். பின்னால் நீலப் புகை கிளம்புகிறது. பட்டறைக்குக் கொண்டு போனால் போர்மேன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எஞ்சினைத் திறக்க வேண்டும், புல் ஓவர்ஹால்” என்கிறார். மறுநாளே மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

கொஞ்சம் பொறுங்கள். எண்ணெய் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. சில வெள்ளியில் முடியும் காரணமும் உண்டு. எஞ்சினையே பிரித்துப் போட வேண்டிய காரணமும் உண்டு. எது நம் காருக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதியை நாமே வீட்டு வாசலில் செய்துவிடலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். காரைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். எண்ணெய் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடியும் முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். குச்சியில் இரண்டு குறிகள் இருக்கும். எண்ணெய் அவற்றுக்கு இடையில் இருக்க வேண்டும். மேல்குறி வரை நிரப்பிவிட்டு, அன்றைய தேதியையும் கிலோமீட்டர் எண்ணையும் எழுதி வையுங்கள். பிறகு வாரம் ஒரு முறை பாருங்கள். எப்போது எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மேல்குறி வரை நிரப்பியபோது மீட்டர் 142,300 காட்டியது. 143,100 வந்தபோது பழையபடி மேல்குறிக்கு வர அரை லிட்டர் தேவைப்பட்டது. அப்படியானால் 800 கிலோமீட்டருக்கு 500 மில்லிலிட்டர். 1,000 கிலோமீட்டருக்கு 625 மில்லிலிட்டர்.

இது அதிகமா? எந்த எஞ்சினும் சிறிதளவு எண்ணெயை எரிக்கத்தான் செய்யும். 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை போகலாம் என்று கையேட்டில் எழுதும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அது கடைசி எல்லை. நல்ல எஞ்சின் ஒரு எண்ணெய் மாற்றத்திலிருந்து அடுத்த மாற்றம் வரை ஊற்றச் சொல்லிக் கேட்காது. ஆகவே 625 மில்லிலிட்டர் என்றால் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். மாதா மாதம் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் நோய் முற்றுகிறது என்று பொருள்.

இந்த அளவுப் பரிசோதனையை உலகப் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. டொயோட்டாவின் 2.4 லிட்டர் எஞ்சின் பொருத்திய சில கார்கள் அமெரிக்காவில் அளவுக்கு மீறி எண்ணெய் எரித்தன. 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அவற்றுக்குத் தனி உத்தரவாதத் திட்டம் அறிவித்தது. அப்போதும் காரை முதலில் ஓட்டி அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 1,900 கிலோமீட்டருக்குள் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவைத் தாண்டினால்தான் பிஸ்டனும் ரிங்கும் மாற்றப்பட்டன. அளக்காமல் எஞ்சினைத் திறக்கவில்லை.

ஒழுகுகிறதா, எரிகிறதா?

குறையும் எண்ணெய் எல்லாம் எரிந்துதான் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இரவில் காரை நிறுத்தும் இடத்தில் பழைய நாளிதழ்களை விரித்து வையுங்கள். காலையில் கறுப்பு அல்லது பழுப்பு நிறச் சொட்டு விழுந்திருந்தால், அது எஞ்சினின் எந்தப் பகுதிக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகு தளர்ந்திருக்கலாம். எண்ணெய் பில்டர் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே உள்ள கேஸ்கெட் இறுகிப்போய் எண்ணெயை விட்டிருக்கலாம்.

அந்த மேல்மூடியிலிருந்து கசியும் எண்ணெய் சில கார்களில் சூடான புகைக்குழாய் மேல் விழுந்து அங்கேயே கருகிவிடும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது. காரை நிறுத்தியதும் பொனட் பக்கத்திலிருந்து தீய்ந்த வாடை வரும். இதற்குப் புதுக் கேஸ்கெட் போட்டால் போதும். எஞ்சினைத் தொட வேண்டியதே இல்லை.

புகையின் நிறமும் நேரமும்

நாளிதழில் சொட்டு இல்லை, ஆனால் எண்ணெய் குறைகிறது என்றால் புகையைக் கவனியுங்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது வேறு பழுது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை ஆவி இயல்பானது. எஞ்சின் சூடேறிய பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அறியலாம். நீலம் கலந்த புகைதான் எண்ணெய் எரிவதற்கு அடையாளம்.

அந்த நீலப் புகை எப்போது வருகிறது என்பதே முக்கியம். வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள்.

காலையில் முடுக்கியவுடன் ‘குபீர்’ என்று வந்து சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறதா? ஜொகூர் பாரு நெரிசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் புறப்படும்போது வருகிறதா? அப்படியானால் வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். எஞ்சினின் தலைப்பாகத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு வால்வுத் தண்டிலும் ஒரு சிறு ரப்பர்த் தொப்பி இருக்கும். மேலே இருக்கும் எண்ணெய் கீழே இறங்காமல் தடுப்பது அதன் வேலை. பல ஆண்டுச் சூட்டில் அது கெட்டிப்பட்டு வெடித்துவிடும். இரவெல்லாம் எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, காலையில் முடுக்கியதும் எரிகிறது. முடுக்கியை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது உள்ளே உறிஞ்சும் வேகம் அதிகம். அதனால்தான் நெரிசலிலும் எண்ணெய் உள்ளே போகிறது.

மேட்டில் ஏறும்போதும் முடுக்கியை அழுத்தும்போதும் விடாமல் புகைகிறதா? வண்டியின் இழுப்பும் குறைந்துவிட்டதா? அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பொதுவாக ஒவ்வொரு பிஸ்டனிலும் மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ளவை அழுத்தத்தைக் காக்கும். அடியில் உள்ளது சிலிண்டர் சுவரில் படியும் எண்ணெயை வழித்து இறக்கும். அது தேய்ந்தாலோ, எண்ணெயை நேரத்துக்கு மாற்றாததால் கரி பிடித்து ஒட்டிக்கொண்டாலோ எண்ணெய் மேலே ஏறி எரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. பி.சி.வி. வால்வு என்று ஒரு சிறு பொருள். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வழி அது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் கிடைத்த சந்து வழியெல்லாம் வெளியே வரும். திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் எண்ணெய் உறிஞ்சப்பட்டு எரியும். பல கார்களில் அதைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தால் ‘கலகல’ என்று ஓசை கேட்க வேண்டும். ஓசை இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு. பெரிய செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும்.

தோட்டத்தில் வாழும் நமக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது: செம்மண் சாலைத் தூசி. வெயில் காலத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் எதிரே வருபவர் முகம் தெரியாது. காற்று பில்டர் கிழிந்திருந்தாலோ, சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ அந்தத் தூசி சிலிண்டருக்குள் போய் அரத்தாள் போல ரிங்கைத் தேய்க்கும். டவுனில் ஓடும் காரைவிட நம் காருக்குப் பில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

சாகா எஞ்சின் கற்றுத்தரும் பாடம்

நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளியிடப்பட்டது. அதில் இருந்தது மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின்கள் பின்னர் 1992இல் வந்த இஸ்வாராவிலும், 1993இல் வந்த வீராவிலும் இடம்பெற்றன. உழைப்புக்குப் பெயர் போன எஞ்சின்தான். ஆனால் வயதானால் வால்வு சீல் கெட்டிப்படுவது பட்டறைக்காரர்கள் நன்கறிந்த பழுது. 12 வால்வு எஞ்சின் என்றால் 12 சீல்கள். சீல் விலை பெரிதல்ல. ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகக் காற்றை அழுத்தி வால்வு கீழே விழாமல் நிறுத்திவைத்து, தலைப்பாகத்தைக் கழற்றாமலே மாற்றத் தெரிந்த போர்மேன்கள் இருக்கிறார்கள். காலையில் மட்டும் புகைக்கும் காருக்கு முழு எஞ்சினையும் பிரிப்பது, பல்வலிக்கு வயிற்றை அறுப்பது போல.

எங்கள் வட்டாரத்தில் லோரி ஓட்டும் தந்தை ஒருவரின் இஸ்வாரா காலை வேளைகளில் புகைத்தது. ஒரு பட்டறையில் சோதிக்காமலே ‘புல் ஓவர்ஹால்’ என்றார்கள். அவர் கையில் இருந்ததோ மகளின் கல்லூரிச் செலவுக்குச் சேர்த்த பணம். நல்லவேளையாக இன்னொருவரிடமும் காட்டினார். அழுத்தத்தை அளந்து பார்த்ததில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுபோல இருந்தன. சீல்களை மட்டும் மாற்றினார்கள். புகை நின்றது, மகளும் கல்லூரிக்குப் போனாள்.

போர்மேனிடம் என்ன கேட்பது?

“கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து எண்களை எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவியால் அளப்பார்கள். ஏதாவது ஒன்றில் குறைந்திருந்தால் அந்தத் துவாரத்தில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் நன்றாக உயர்ந்தால் ரிங் தேய்மானம். உயராவிட்டால் வால்வோ, தலைப்பாகக் கேஸ்கெட்டோ காரணமாக இருக்கலாம். அழுத்தம் எல்லாவற்றிலும் நன்றாக இருந்து, காலையில் மட்டும் புகைத்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான். கழற்றிய பிளக்குகளையும் பாருங்கள். எந்தப் பிளக் எண்ணெயில் நனைந்து கறுத்திருக்கிறதோ, அந்தச் சிலிண்டரில்தான் எண்ணெய் எரிகிறது.

‘டாப் ஓவர்ஹால்’ என்பது தலைப்பாக வேலை. ‘புல் ஓவர்ஹால்’ என்பது பிஸ்டன், ரிங் வரை இறங்கும் வேலை. எது, ஏன் என்று காரணம் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வரும் ‘ஹாப்-கட்’ எஞ்சினை மாற்றிப் போடலாம் என்றும் சொல்வார்கள். சில சமயம் அது லாபமே. ஆனால் அதுவும் ஓடிய எஞ்சின்தான். அழுத்தத்தை அளக்காமல், எழுத்தில் உத்தரவாதம் பெறாமல் வாங்கக் கூடாது.

பழுது பார்க்கும் வரை

பணம் சேரும் வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எண்ணெயைக் கீழ்க்குறிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பொனட்டுக்குள்ளோ பின்பெட்டியிலோ ஒரு லிட்டர் எண்ணெய் எப்போதும் இருக்கட்டும். எண்ணெய் எரியும் எஞ்சின் பல மாதம் ஓடும். எண்ணெய் இல்லாத எஞ்சின் சில நிமிடங்களில் மாண்டுபோகும்.

எண்ணெய்க் கூஜா வடிவிலுள்ள சிவப்பு விளக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால் வீடு பக்கத்தில்தான் என்று ஓட்டக் கூடாது. நெடுஞ்சாலையானாலும் பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள்.

பயத்தில் மேல்குறிக்கு மேலேயும் ஊற்றிவிடாதீர்கள். அதிகமான எண்ணெய் நுரைத்துப்போகும்; புகையும் கூடும். கையேட்டில் சொன்ன தடிமனுள்ள எண்ணெயையே ஊற்றுங்கள். பழைய எஞ்சினுக்குக் கையேடு அனுமதித்தால் சற்றுத் தடித்த எண்ணெய் போடலாம். எரிவது குறையும், ஆனால் பழுது அப்படியே இருக்கும். புகையை நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்பதும் பெரும்பாலும் அப்படித்தான்.

பழைய கார் வாங்கப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். விற்பவர் நீங்கள் வருமுன் எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால் காலைப் புகை தெரியாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வருவதாகச் சொல்லுங்கள். பொனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

வடித்த பழைய எண்ணெயை லயத்துக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது நம் பிள்ளைகள் விளையாடும் ஓடைக்குத்தான் போய்ச் சேரும். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணையிட்ட கழிவுப் பொருள். புட்டியில் அடைத்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சினை முடுக்கு முன் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். மகன் மட்டுமல்ல, மகளும் குச்சியை உருவிப் பார்க்கட்டும். நோட்டில் எண்ணை எழுதட்டும். இரண்டு மாதக் கணக்கு அந்த நோட்டில் இருந்தால், எந்தப் பட்டறையிலும் தலைநிமிர்ந்து நின்று கேள்வி கேட்கலாம்.