நியாண்டர்தால் மரபணுவும் நம் நுரையீரலும்

திருவனந்தபுரத்தின் கடலோரத்தில் உள்ள பூந்துறையிலும் புல்லுவிளையிலும் கொரோனா சமூகப் பரவலாகிவிட்டது என்று 2020 ஜூலை 17 அன்று கேரள முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். இரண்டரை மாதம் கழித்து, ‘நேச்சர்’ இதழில் ஹியூகோ ஸீபெர்க், ஸ்வாந்தே பாபோ இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. கொரோனா வந்தால் நோய் முற்றும் அபாயத்தைக் கூட்டும் மரபணுத் துண்டு ஒன்று நியாண்டர்தால் மனிதரிடமிருந்து நமக்கு வந்திருக்கிறது என்றது அந்தக் கட்டுரை. தெற்காசியரில் பாதிப் பேரிடம் அது இருக்கிறது. ஐரோப்பியரில் 16 சதவீதத்தினரிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் பூந்துறை பட்ட பாட்டுக்கு மரபணுதான் காரணமா? இல்லை. ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நம் உடல்நலத்துக்கு நல்லது.

நமக்கு எப்படி வந்தது?

நியாண்டர்தால்கள் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்து மறைந்த மனித இனம். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய நம் முன்னோர், ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களோடு கலந்து பிள்ளை பெற்றார்கள். ஆசியாவில் வாழ்ந்த டெனிசோவன் என்ற இன்னோர் இனத்தோடும் கலப்பு நடந்தது. அதனால் இந்தியர் ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் ஒன்று முதல் இரண்டு சதவீதம் இந்தத் தொல்மனிதர்களிடமிருந்து வந்தது.

எல்லோரிடமும் ஒரே துண்டு இருப்பதில்லை. மரபியல் ஆய்வாளர் பிரியா மூர்ஜானியின் குழு 2,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டது. அவர்களிடம் சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நியாண்டர்தால் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பாதி கிடைத்துவிட்டது. நோய் எதிர்ப்பு சார்ந்த மரபணுக்கள் உள்ள சில பகுதிகளில் இந்தத் துண்டுகள் கூடுதலாகத் தங்கியிருக்கின்றன.

அந்தத் துண்டு என்ன செய்கிறது?

கொரோனா அபாயத்தைக் கூட்டும் அந்தத் துண்டு இருப்பது மூன்றாவது குரோமோசோமில். நீளம் சுமார் 49,400 டி.என்.ஏ. எழுத்துகள். குரோவேஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்பின் டி.என்.ஏ.வோடு இது பொருந்துகிறது.

இந்தப் பகுதிக்குள் எந்த மரபணு காரணம் என்பதை 2021-இல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் தேடினார்கள். எல்.இஸட்.டி.எஃப்.எல்.1 என்ற மரபணுவின் மேல் சந்தேகம் விழுந்தது. வைரஸ் தாக்கும்போது, நுரையீரலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள் தங்கள் தன்மையை மாற்றிக்கொள்ளும். அப்படி மாறினால் வைரஸ் எளிதில் நுழைய முடியாது. நியாண்டர்தால் துண்டு இந்த மரபணுவை அளவுக்கு மீறி வேலை செய்ய வைப்பதால் அந்த மாற்றம் தாமதமாகிறது என்பது அவர்கள் கருத்து.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. இந்தத் துண்டு நுரையீரல் செல்களைத்தான் பாதிக்கிறது, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அல்ல. ஆகவே இது உள்ளவர்களுக்கும் தடுப்பூசி நன்றாகவே வேலை செய்யும் என்று அந்த ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள்.

இந்தியாவில் என்ன தெரிந்தது?

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபே, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு, தெற்காசிய மக்களிடம் இந்தத் துண்டு எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைக் கொரோனா தொற்று, இறப்பு விகிதங்களோடு ஒப்பிட்டது. 2021-இல் வெளிவந்த அந்த ஆய்வில், இரண்டுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

இதற்கும் ‘நேச்சர்’ கட்டுரைக்கும் முரண்பாடு இல்லை. ஒரு தனி மனிதரின் அபாயத்தை மரபணு ஓரளவு கூட்டலாம். ஆனால் ஓர் ஊரில் எத்தனை பேர் நோயில் விழுகிறார்கள், எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதை வயதும், சர்க்கரை நோயும், வீடுகளின் நெருக்கமும், ஆஸ்பத்திரிப் படுக்கையும் முடிவு செய்கின்றன. மேலும், இந்தத் துண்டு பேசுவது நோயின் தீவிரத்தைப் பற்றி, பரவலைப் பற்றி அல்ல. மீனவர் ஊரான பூந்துறையில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. மீன் வாங்கி விற்கப் பலரும் கூடியாக வேண்டும். வைரஸ் பரவ அதுவே போதுமானது.

காக்கும் துண்டும் உண்டு

இதே நியாண்டர்தால்களிடமிருந்து 12-ஆவது குரோமோசோமில் வந்த வேறொரு துண்டு, கொரோனா முற்றும் அபாயத்தைச் சுமார் 22 சதவீதம் குறைக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்க உதவும் நொதிகளை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் இருக்கின்றன. கொரோனாவில் கெடுதல் செய்த மூன்றாவது குரோமோசோம் துண்டே, எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தைச் சுமார் 27 சதவீதம் குறைக்கிறது என்று 2022-இல் ஸீபெர்க் கண்டறிந்தார். அதே ஆண்டில்தான் பாபோவுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே ஒரு மரபணுவை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்திவிட முடியாது. எந்தக் கிருமி, எந்தக் காலம் என்பதைப் பொறுத்து அதன் பலன் மாறும்.

நாம் செய்ய வேண்டியது

இந்தத் துண்டு தன்னிடம் இருக்கிறதா என்று பணம் கட்டிப் பரிசோதிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவர் சொல்லப்போவது ஒன்றுதான்: சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள், புகைப்பதை விடுங்கள், உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், மூச்சு வாங்கினால் நாள் கடத்தாதீர்கள்.

‘எங்கள் பரம்பரை உடம்பு இப்படித்தான்’ என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 50,000 ஆண்டுகளுக்கு முன் கலந்ததை இனி மாற்ற முடியாது. ஆனால் நெரிசலான குடியிருப்புக்குக் காற்றோட்டமான வீட்டையும், பக்கத்திலேயே ஒரு நல்ல ஆரம்ப சுகாதார நிலையத்தையும் தர முடியும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.