உணவே பகையாகும் போது

"சாப்பிட்டாயா?" என்று கேட்டுத்தான் நம்மில் பலர் பேச்சையே தொடங்குகிறோம். அந்தக் கேள்விக்கே அஞ்சும் உள்ளங்களும் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

வறுமையால் பட்டினி கிடப்பது வேறு; விரதம் இருப்பது வேறு. தட்டில் சோறிருந்தும், உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்தால் உண்ண மறுப்பது நோயாகும். இதற்கு 1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். அளவு மீறி உண்டுவிட்டு, பின்னர் வலிய வாந்தியெடுக்கும் 'புலிமியா' நோயை 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸல் விளக்கினார். இந்நோயாளரின் எடை இயல்பாகவே இருக்கக் கூடும். ஆகவே தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு.

இது பெண்களை மட்டும் பற்றும் நோயன்று, ஆடவரையும் பற்றும். உயிரையும் பறிக்கும். புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் இந்நோயின் விளைவாக 1983-இல் தம் 32-ஆம் வயதில் மாண்டார்.

"நன்றாகச் சாப்பிட்டால் தீர்ந்தது" என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால், 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 நலமான இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களைச் சோர்வும் எரிச்சலும், ஓயாத உணவு நினைப்பும் ஆட்கொண்டன. பட்டினியே மனத்தைத் திரிக்கிறது. திரிந்த மனத்தால் தனியே மீள்வது அரிது.

அறிகுறிகள் யாவை? பிறரோடு அமர்ந்து உண்ணாமை, "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று நழுவுதல், உண்டவுடன் குளியலறைக்கு விரைதல், முடி உதிர்தல், எப்போதும் குளிர்தல், மயக்கம், மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவை.

எங்கள் விடுதியில் ஒரு தோழி மெலிந்துகொண்டே வந்தாள். "எவ்வளவு அழகாகிவிட்டாய்!" என்று நாங்கள் பாராட்டினோம். அவள் மயங்கி விழுந்த பின்னரே எங்கள் பாராட்டு அவளை எங்கே தள்ளியது என்று புரிந்தது.

எனவே நண்பர்களே, உடலைப் பற்றிப் புகழவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா. தனிமையில் அழைத்து, "நீ வருந்துவது போல் தெரிகிறது, நான் இருக்கிறேன்" என்று கூறுங்கள். சோற்றை வற்புறுத்தி ஊட்டாதீர்கள். மருத்துவரிடம் துணைக்குச் செல்லுங்கள். மயக்கமோ படபடப்போ கண்டால் காலந்தாழ்த்தலாகாது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

அந்தத் தோழி இன்று எங்களோடுதான் உண்கிறாள். அவள் தட்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அவள் அருகே ஓரிடம் மட்டும் என்றும் காலியாக இருப்பதில்லை.