மாத்திரை கிடைக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை

சென்னையை ஒட்டிய பம்மலில் ரயில் நிலையம் கிடையாது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் பல்லாவரம் வரை பைக்கில் போய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு மின்சார ரயில் ஏறுவார்கள். வலிப்பு உள்ள இருபத்திரண்டு வயதுப் பையனுக்குச் சிக்கல் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல், வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தப்புமா என்று கேட்கிறார்கள். உண்டு என்றால் உரிமம் இல்லை. பல நாடுகளில் குறிப்பிட்ட காலம் வலிப்பு வராமல் இருந்தால் ஓட்ட விடுகிறார்கள். இங்கே அந்த வழியும் இல்லை. ஷேர் ஆட்டோவில் போய்விடலாம்தான். ஆனால் "ஏண்டா, இன்னும் வண்டி எடுக்கலையா?" என்று நண்பன் கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரைகள் பெரும்பாலும் பழையவை, விலை குறைந்தவை, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைப்பவை. அப்படியிருந்தும் பல இளைஞர்களுக்கு நோய் அடங்காமல் போவதற்கு, அதை மறைத்து வாழ்வதும் ஒரு பெரிய காரணம் என்பேன்.

காலையில் நழுவும் டம்ளர்

பதின்வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு உண்டு. காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கை வெடுக்கென்று உதறும். பல் துலக்கும்போது பிரஷ் தெறித்து விழும், காபி டம்ளர் நழுவும். "எப்பப் பார்த்தாலும் கவனக்குறைவு" என்று வீட்டில் திட்டு விழும். அந்தச் சின்ன உதறலை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. கீழே விழுந்து கைகால் இழுத்த பிறகுதான் ஓடுவார்கள். அப்போதாவது காலை நேர உதறலைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வேறு வகை வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும் சில மாத்திரைகள் இந்த வகையில் உதறலைக் கூட்டிவிடும். அடுத்த முறை வந்தால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது டாக்டருக்கு உதவும்.

இந்த வகைக்குத் தூக்கம் கெடுவதுதான் முதல் எதிரி. தாம்பரம் சானடோரியத்திலும் ஓ.எம்.ஆரிலும் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பகலில் தூங்கி ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு எல்லோருக்கும் சரிவராது.

எல்லா வலிப்பும் பரம்பரை அல்ல. வேலூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டியே காரணம் என்று தெரிந்தது. சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாகவும் அதன் முட்டை வயிற்றுக்குள் போகும் என்பதால் சுத்த சைவருக்கும் வரலாம்.

மறைப்பதற்குக் கொடுக்கும் விலை

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து விட்டமின் டப்பாவில் போட்டு ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகும் பெண்கள் உண்டு. அறையில் ஆள் இருந்தால் இரவு மாத்திரை போடாமலே படுத்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் நடப்பதும் இதேதான். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் வழி ஒருகாலத்தில் இந்து திருமணச் சட்டத்திலேயே இருந்தது. 1999-இல் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். தரகர்களுக்கும் சம்பந்திகளுக்கும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வலிப்புள்ள பெண்கள் குழந்தை பெறலாம். ஆனால் வால்புரோயேட் என்ற மருந்து கருவில் குறைபாடு உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். மாத்திரையை மறைக்கிற வீட்டில் இந்தப் பேச்சுக்கு இடமேது?

சாவிக்கொத்தை விடுங்கள்

பக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், அவர் கையில் இரும்பைத் திணிக்கத்தான் கூட்டம் இன்னும் ஓடுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நிற்கும். பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போய்விடும். கையை விடுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஒரு பையை வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108.

நம்மை மாதிரி ஒருத்தர்

புனேயில் யசோதா வாகன்கர் என்பவர் சம்வேதனா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நடத்துகிறார். அவருக்கே வலிப்பு இருந்தது. வலிப்பு உள்ளவர்களும் குடும்பத்தாரும் அங்கே கூடிப் பேசுகிறார்கள். வலிப்பை மறைக்காமலே வரன் பார்க்கவும் அந்த அமைப்பு உதவுகிறது. பொய் சொல்லாமல் பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் முடிவது சின்ன விஷயமா?

இப்படிக் கூடிப் பேசத் தொடங்கக் கட்டடமோ நிதியோ தேவையில்லை. பல்லாவரத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ஜி.எச். அங்கே நரம்பியல் ஓ.பி.யில் மாத்திரைச் சீட்டோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களில் உங்கள் வயதுக்காரர் எத்தனையோ பேர். ஒருவரையொருவர் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எந்த ஏரியா நீங்க?" என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொண்டால் போதும். நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாட்ஸ்அப் குழு. ஆபீஸில் யாரிடம் சொல்லலாம், பாத்ரூம் கதவை உள்ளே தாழிடாமல் குளிப்பதை வீட்டில் எப்படிப் பழக்கினார்கள், மாத்திரை போட்டால் வரும் மந்தத்தோடு பரீட்சைக்கு எப்படிப் படித்தார்கள் என்பதையெல்லாம், அதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும்.

அறுவை சிகிச்சை என்று ஒன்று இருப்பதும் பலருக்கு இப்படிப் பேசும்போதுதான் காதில் விழுகிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் அடங்காத வலிப்புக்கு, அது பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம். புதிய வைத்தியமும் அல்ல. 1952-இலேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 19 வயது இளைஞர் ஒருவருக்குச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் 1995 முதல் செய்கிறார்கள்.

குழுவில் ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். "நான் பாதி மாத்திரைதான் போடுறேன், ஒண்ணும் ஆகல" என்று யாராவது எழுதினால், "டாக்டரைக் கேட்டுட்டுச் செய்ங்க" என்று அடுத்தவர் உடனே பதில் போட்டுவிட வேண்டும்.