நிறுத்திய பின்னரே கை நீட்டுக!

வடசென்னையில் வாழும் நமக்கு இயந்திரம் புதியதன்று. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் சாலையில் ஒருபுறம் அலையோசை, மறுபுறம் ஆலையோசை. துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ பணிபுரியும் ஒருவரேனும் இல்லாத தெரு நம் பங்குகளில் இல்லை எனலாம். ஆகவே, இயந்திரம் தரும் சோறும் நமக்குத் தெரியும். அது பறித்துக்கொள்ளும் விரலும் நமக்குத் தெரியும்.

இராயபுரத்தை அடுத்துள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், 1970-களின் தொடக்கத்தில், டாக்டர் ஆர். வெங்கடசாமி அவர்கள் கை அறுவை மருத்துவத்திற்கெனத் தனிப்பிரிவு ஒன்றை வளர்த்தெடுத்தார். இன்று நாடெங்கும் அறியப்பட்ட பிரிவு அது. 2018 பிப்ரவரியில், இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்த மற்றொருவரின் கைகளை அங்கே பொருத்தினார்கள். மருத்துவர்களின் திறமையைப் போற்றுவோம். ஆயினும், அந்தப் பிரிவின் வாயிலில் ஒரு மணி நேரம் அமர்ந்து பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும்: தைத்துச் சேர்த்த கை பிழைத்த கைதான், ஆனால் பழைய கை அன்று.

இந்த இதழில் நாம் எழுத எடுத்துக்கொண்டது ஆலை இயந்திரத்தைப் பற்றியன்று. ஆலைக்கு வெளியே, நம் உறவினரின் களத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் ஓடுகின்ற ஓர் இயந்திரத்தைப் பற்றியது.

வைக்கோற் கட்டும் டிராக்டரும்

திருவொற்றியூரைக் கடந்து மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சென்றால் நெல்வயல்கள் தொடங்குகின்றன. நம் ஆலைத் தொழிலாளர் பலருக்கு அங்கே சொந்த ஊரும் சிறிது நிலமும் உண்டு. முன்பு கதிரை அரிவாளால் அறுத்துக் களத்தில் அடித்தோம். வைக்கோல் போராக எழுந்தது. இன்று அறுவடை இயந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலிலேயே பரப்பிவிட்டுப் போகிறது. அதை டிராக்டரில் பூட்டிய மற்றோர் இயந்திரம் வாரிச் சுருட்டிக் கட்டாகக் கட்டுகிறது. கட்டுகள் லாரி ஏறிக் கறவை மாடு வளர்ப்போரிடம் வருகின்றன.

இறுகக் கட்டிய அந்தக் கட்டைப் பிரித்து, நறுக்கி, மாட்டுக்குத் தீவனமாகவோ படுக்கையாகவோ தூவுவதற்கு டிராக்டரின் பின்னால் பூட்டும் இயந்திரங்கள் உள்ளன. மேலைநாட்டுப் பண்ணைகளில் இவை பெரிதும் வழங்குகின்றன. நம் ஊரில் தீவனம் நறுக்கும் இயந்திரம் என்ற பெயரில் டிராக்டரின் விசையால் ஓடுபவற்றைக் காண்கிறோம். பெயரும் வடிவும் வேறாயினும் வேலை ஒன்றே. கட்டு ஒரு தொட்டியில் விழுகிறது; அடியிலுள்ள சங்கிலி அதை மெல்ல முன்னே தள்ளுகிறது; கத்திகள் பதித்த உருளை சுழன்று அதைக் கிழிக்கிறது; கிழிந்த வைக்கோல் குழல் வழியாக வெளியே பாய்கிறது.

டிராக்டரும் நமக்கு அந்நியமன்று. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் நம் வடசென்னைச் செம்பியத்தில்தான் மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. கருவியை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து ஹைட்ராலிக் விசையால் தூக்கும் முறைக்கு உருவம் தந்தவர், அப்பெயரில் நின்று நிலவும் ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரரே.

"இது நம் வீட்டு வேலைதானே!"

சென்ற அறுவடைக் காலத்தில் நாம் அப்பக்கம் சென்றிருந்தோம். எண்ணூர்ப் பகுதி ஆலை ஒன்றில் நெடுங்காலம் பணிபுரியும் அன்பர் ஒருவர், விடுமுறை நாளில் தம் தமையனாரின் தொழுவத்தில் இவ்வகை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். உருளையில் கயிறு சிக்கிக்கொண்டது. டிராக்டர் உறுமிக்கொண்டிருக்கவே அவர் இறங்கி வந்தார். சுழலும் தண்டின் மேலாகக் குனிந்து, கயிற்றின் நுனியைப் பற்றி இழுத்தார். இடுப்பிலிருந்த வேட்டியின் முனை தண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக அன்று ஒன்றும் நேரவில்லை. பின்னர் அவரிடம், "அண்ணே, ஆலையில் இப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அங்கே செய்ய முடியுமா? மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிய பிறகுதான் கை வைப்போம். இது நம் வீட்டு வேலைதானே!" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லுக்கு விடையாக எழுதப்பட்டதே.

ஆலையில் அவரைக் காத்து நிற்பது எது? ஒரு நெடிய வரலாறு. பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த காலம் தொட்டு, உழைப்பவனின் உடலுக்கும் உயிருக்கும் காப்பு வேண்டும் என்ற குரல் இங்கே எழுந்து வந்துள்ளது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 21-ஆவது பிரிவில், சுழலும் பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று கட்டளையிட்டது. இயங்கும் இயந்திரத்தை நெருங்கிச் சோதிக்க வேண்டுமாயின், பயிற்சி பெற்றவரே இறுக்கமான உடையணிந்து நெருங்க வேண்டும் என்றது 22-ஆவது பிரிவு. பஞ்சு அழுத்தும் ஆலைகளில், பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம் ஓடும் பகுதியில், பெண்களையும் சிறுவரையும் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது 27-ஆவது பிரிவு. கட்டைப் பிரிக்கும் இயந்திரத்தின் கொடுமையை அன்றே சட்டம் அறிந்திருந்தது அன்றோ! காலப்போக்கில் சட்டத்தின் பெயரும் பிரிவும் மாறலாம். விதியின் கருத்து மாறாது.

வயலுக்கு அத்தகைய காவல் குறைவு. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தோரின் துயரம் பெருகியதால், நாடாளுமன்றம் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ஆயினும், ஒவ்வொரு தொழுவத்திலும் நின்று பார்க்க மேற்பார்வையாளர் ஏது? அங்கே நமக்கு நாமே காவலர்.

மூன்று வினாடிக் கணக்கு

டிராக்டரின் பின்புறத்தில் சுழன்று கருவிக்கு விசை தரும் தண்டை உழவர்கள் பி.டி.ஓ. என்பார்கள். அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது வினாடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அப்படியானால் அது ஒரு வினாடியில் ஏறத்தாழ ஆறடித் துணியைச் சுருட்டும். பதினெட்டு முழம் என்று நாம் பேச்சில் சொல்லும் சேலையை விடுங்கள். இன்று உடுத்தும் பதினெட்டு அடிச் சேலையைச் சுருட்ட மூன்றே வினாடி. சட்டைக் கை சிக்கினால் அரை வினாடியில் தோள்வரை இழுத்துவிடும். "ஐயோ!" என்று கூவி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அருகிலிருப்பவர் ஓடிச் சென்று எஞ்சினை அணைக்க நேரமே இராது.

ஆகவே, வேகமாகக் கையை எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வெறும் மயக்கம். கையை நீட்டாதிருப்பது ஒன்றே காப்பு.

ஓட்டுமுன்னும் ஓட்டும்போதும்

முதலாவது, தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை முழுமையாக இருத்தல் வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் உறையைக் கையால் சுற்றிப் பாருங்கள். அது தண்டை விட்டுத் தனியாகச் சுழல வேண்டும். உறை தண்டோடு சேர்ந்து சுற்றாதபடி அதன் சிறு சங்கிலியை மாட்டிவையுங்கள். உறை உடைந்தால் சாக்கைச் சுற்றி ஒப்பேற்றுவது பெருந்தவறு; சாக்கே முதலில் சிக்கும்.

இரண்டாவது, உடை. வேட்டியும் லுங்கியும் துண்டும் இயந்திரத்தருகே ஆகா. கால்சட்டையும், கையை ஒட்டிய சட்டையும், மூடிய காலணியும் வேண்டும். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டால் போதாது. ஓடும் இயந்திரத்தருகே வராதிருப்பதே நலம்.

மூன்றாவது, கட்டின் கயிறு. தொட்டியில் இடுமுன்னே அதை அறுத்து, முழுவதும் உருவி எடுத்துவிட வேண்டும். விட்ட கயிறு உருளையில் சுற்றிப் பேரிங்கைக் கெடுக்கும். தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் சென்றால் அதன் உயிருக்கே உலை. கட்டில் கல்லோ கம்பியோ உண்டா என்றும் பார்க்க வேண்டும். உருளையில் பட்ட கல் குழல் வழியே குண்டுபோலப் பாயும். எனவே குழலின் எதிரே மனிதரோ மாடோ நிற்கலாகாது.

நான்காவது, எடை. பின்னால் கனத்த இயந்திரம் தொங்கும்போது டிராக்டரின் முன்சக்கரம் நிலத்தில் இலேசாகும், திருப்பினாலும் திரும்பாது. முன்புறம் எடைக்கட்டிகளை மாட்டிக்கொள்ள வேண்டும். இருக்கை ஒன்று, அமர்பவர் ஒருவர். சக்கரத்தின் மூடிமேல் பிள்ளையை உட்கார வைத்து மகிழும் தந்தையர் இதைச் சற்று எண்ணிப்பார்க்க.

ஐந்தாவது, அடைப்பு. இதுவே எல்லாவற்றிலும் பெரிது. வைக்கோல் அடைத்துக்கொண்டால் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள். பி.டி.ஓ.வை விடுவியுங்கள், எஞ்சினை அணையுங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் இடுங்கள், உருளை முற்றும் நிற்கும்வரை காத்திருங்கள். எஞ்சின் நின்ற பின்னும் கனத்த உருளை சிறிது நேரம் தானே சுழலும். ஓசை அடங்கியதை நம்பாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சாவி பையில் இருக்கும்போது, நிலை அறியாத மற்றொருவர் எஞ்சினை முடுக்கிவிட முடியாது. ஆலையில் பூட்டும் அட்டையும் செய்யும் வேலையை வயலில் இந்தச் சிறு சாவி செய்கிறது.

பராமரிப்பு

பராமரிப்பு வேலை எதுவாயினும் மேற்சொன்ன வரிசை முடிந்த பின்னரே தொடங்க வேண்டும். தண்டின் இணைப்புக்கும் பேரிங்குகளுக்கும் தயாரிப்பாளரின் கையேட்டில் கண்ட முறைப்படி கிரீஸ் இடுங்கள். கிரீஸ் இல்லாத பேரிங் சூடேறும். உலர்ந்த வைக்கோல் தூசு அதன்மேல் படிந்தால் தீ பிடிக்கும். புகைக்குழாயைச் சுற்றிச் சேரும் தூசையும் அன்றாடம் அகற்ற வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் அருகிலேயே இருக்கட்டும்.

கத்தி ஒன்று தேய்ந்தால் அதற்கு எதிரேயுள்ள கத்தியையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையேல் உருளை நிலைகுலைந்து அதிரும். பாரம் மிகும்போது தானே உடைந்து இயந்திரத்தைக் காப்பதற்கென மெல்லிய போல்ட் ஒன்று அமைந்திருக்கும். "அடிக்கடி உடைகிறதே" என்று அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் போடுவோர் உண்டு. அது பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பி கட்டுவதற்கு ஒப்பாகும்.

தூக்கி நிறுத்திய இயந்திரத்தின் கீழே கை வைக்குமுன் உறுதியான மரக்கட்டைகளை அண்டை கொடுங்கள். ஹைட்ராலிக் விசையை மட்டும் நம்பலாகாது. எண்ணெய்க் குழாயில் கசிவு இருப்பதாக ஐயுற்றால் விரலால் தடவாமல் ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பூஞ்சணம் பூத்த வைக்கோலின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மூக்கையும் வாயையும் இறுகப் பொருந்தும் முகக்கவசம் அணிதல் வேண்டும்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு, ஆந்திர மாநிலம் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையத்தை மத்திய அரசு நடத்துகிறது. நம் மாநில வேளாண்மைப் பொறியியல் துறையினரிடமும் ஐயங்களைக் கேட்டுத் தெளியலாம்.

நேர்ந்துவிட்டால்

முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். சிக்கியவரைப் பதற்றத்தில் பிடித்து இழுக்கலாகாது. 108-ஐ அழையுங்கள். குருதி வழியும் இடத்தில் தூய துணியை வைத்து விடாது அழுத்துங்கள். விரல் துண்டுபட்டிருந்தால், ஈரமான தூய துணியில் அதைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிமேல் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். விரலைப் பனிக்கட்டியில் நேரே புதைத்தால் தசை கெட்டுவிடும். ஒவ்வொரு நிமிடமும் அந்த விரலின் ஆயுள்.

வீட்டில் ஒரு கேள்வி

இவ்வளவும் ஓட்டுநருக்கு மட்டும் உரிய செய்தி என்று இல்லத்தரசியார் எண்ண வேண்டாம். வாரம் முழுதும் ஆலையில் விதி தவறாமல் உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் சொந்த ஊருக்குச் சென்று கையை இழந்து வரும் குடும்பத் தலைவரால் துன்புறப்போவது அந்தக் குடும்பமே. ஒரு கை போனால் ஒருவருடைய வேலை மட்டுமா போகிறது? பிள்ளையின் படிப்பும், மகளின் திருமணமும், முதியோரின் மருந்தும் அந்தக் கையைத்தானே பற்றி நிற்கின்றன!

எனவே நாம் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்குவோம். தொழுவத்தில் இயந்திரத்தின் ஓசை நின்று, அவர் அதன் பக்கம் குனிவதைக் கண்டால், வீட்டார் எவராயினும், சிறு பிள்ளையாயினும், ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "சாவி எங்கே?"

அவர் தம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டட்டும். அதன் பின்னர் கை நீட்டட்டும்.